கடல்காக்கா விழுந்த ஞாயிறு

உட்காருங்கள் அண்ணாச்சி, இடம் இருக்கிறது. ஆனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் மேல் ஒரு வாடை வரும். அமோனியா. எட்டு மணி நேரம் ஐஸ் கம்பெனிக்குள் நின்றுவிட்டு வந்தால் எந்த சோப்புக்கும் போகாது. என் சம்சாரத்துக்குப் பழகிவிட்டது. பழகிவிட்டதாகத்தான் சொல்கிறாள்.

உடம்புக்கு என்ன என்று கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. முகம் அப்படி இருக்கிறதா? வெட்கம் அண்ணாச்சி. வெட்கத்தில் ஒருத்தனுக்குக் காய்ச்சல் வருமா? எனக்கு வந்திருக்கிறது, தொட்டுப் பாருங்கள். பஸ் தூத்துக்குடி போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். நீங்கள் யாரோ, நான் யாரோ. அதனால்தான் சொல்ல வருகிறது.

என் பெயர் இன்னாசி. தருவைக்குளம் ரோட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரசர் ஓட்டுகிறேன். ராத்திரி ஷிப்ட், பத்தொன்பது வருஷம். விடிகாலையில் படகு கிளம்புவதற்குள் பாளம் பாளமாக ஐஸ் தயாராக இருக்க வேண்டும். வயது நாற்பத்தெட்டு. படிப்பு ஒன்பதாம் வகுப்பு, அதிலும் பாதி. ஆனால் படிப்பேன். பழைய பேப்பர் கடையில் பதினோராம் வகுப்பு இயற்பியல் புத்தகம் ஒன்று கிடைத்தது, அதை ஏழெட்டுத் தடவை படித்திருப்பேன். புரிந்ததா என்று கேட்காதீர்கள். புரிந்த இடங்கள் இருக்கின்றன.

போன வருஷம் நூலகத்தில் ஒரு அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். ‘மாதிரி ராக்கெட் செய்து பறக்கவிடுவோம், வாருங்கள். ஞாயிறு காலை ஏழு மணி. வயதோ படிப்போ தடையில்லை.’ படிப்பு தடையில்லை என்று அச்சடித்து ஒட்டியிருந்தது அண்ணாச்சி. நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். வாசித்தும் என்ன செய்தேன் என்பதுதான் கதை.

சிரிக்கிறீர்கள். ராக்கெட் என்றால் தீபாவளி ராக்கெட் இல்லை. அட்டைக் குழாயில் உடம்பு, மூக்கு, வால் பக்கம் மூன்று இறக்கை. அடியில் ஒரு மோட்டார் வைப்பார்கள். மோட்டார் என்றால் கட்டைவிரல் மொத்தத்தில் ஒரு சின்னக் குழல்தான், உள்ளே மருந்து. பேட்டரி பட்டனை அமுக்கினால் சீறிக்கொண்டு போகும். உச்சிக்குப் போனதும் குழலுக்குள் இன்னொரு சின்ன வெடிப்பு, மூக்கு கழன்று பாராசூட் விரியும். ஆடி ஆடி இறங்கி வரும். அதைக் கையில் பிடித்துக்கொண்டு வரும்போது பெரிய பெரிய ஆட்களெல்லாம் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவருவார்கள். உப்பளத்தைத் தாண்டி ஒரு தரிசு இருக்கிறது, அங்கேதான்.

முதல் நாள் நான் ஷிப்ட் முடிந்து, கம்பெனியிலேயே இரண்டு தடவை குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு போனேன். மாசிலாமணி சார் ஒரு நோட்டை வைத்துக்கொண்டு பெயர் எழுதிக்கொண்டிருந்தார். அவர்தான் இந்த ராக்கெட் மன்றத்தை ஆரம்பித்தவர், ஏதோ கம்பெனியில் இன்ஜினியர். நல்ல மனுஷன், அதைச் சொல்லியாக வேண்டும்.

“எங்க வேல பாக்கீங்க?”

“ஐஸ் பிளான்ட்ல சார். கம்ப்ரசர்...”

“அடேயப்பா, ரெஃப்ரிஜிரேஷன் இன்ஜினியரா! நமக்கு மெக்கானிக்கல் ஆள் ஒண்ணு வேணும்னுதான் தேடிக்கிட்டிருந்தேன்.”

நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இன்றைக்கும் மாதா முன்னால் நின்று சொல்வேன், சொல்லவில்லை. தலை ஆடியது. நான் ஆட்டவில்லை அண்ணாச்சி, அது ஆடியது. அவர் எழுதிக்கொண்டார். அதிலிருந்து எல்லோருக்கும் நான் இன்னாசி சார். நாற்பத்தேழு வயது வரைக்கும் என்னை ஒருத்தனும் சார் என்று கூப்பிட்டதில்லை. ஒரு காதில் விழுந்து மறு காதில் போகிற சொல்லா அது?

அதற்கப்புறம் என்ன கஷ்டம் தெரியுமா? கேள்வி கேட்க முடியாது. இன்ஜினியர் கேள்வி கேட்பானா? ஒருத்தர் ஏதாவது விளக்கினால், தெரிந்த மாதிரி நாடியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டும். எட்டு மாதம் தடவினேன். ராக்கெட் உடம்பு சுற்றுவது, இறக்கை ஒட்டுவது, அதெல்லாம் கை வேலை, எனக்கு வரும். மற்றதெல்லாம் தெரிந்த மாதிரி.

இப்போது பரிபூரணத்தைச் சொல்ல வேண்டும்.

அவள் தருவைக்குளத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மன்றத்தில் வைகுண்டம் டாக்டர் என்று ஒருவர், பல் டாக்டர். வாய் ஓயாது. நம்மைத் திறக்கச் சொல்லிவிட்டு அவர்தான் பேசுவார். அவர் பாராசூட் தைப்பதற்குக் குடைத்துணியை இவளிடம் கொடுத்திருந்தார். தைத்ததைக் கொடுக்க வந்தவள், அன்றைக்கு விட்ட ராக்கெட்டைப் பார்த்துக்கொண்டே நின்றாள். கழுத்து வலிக்கிற வரைக்கும் நின்றாள். அடுத்த ஞாயிறும் வந்தாள். அதற்கடுத்த ஞாயிறு, “நானும் ஒண்ணு செய்யலாமா சார்?” என்று கேட்டாள்.

அவள் கேட்காத கேள்வி இல்லை. மூக்கு ஏன் கூராக இருக்க வேண்டும், இறக்கை ஏன் மூன்று, நாலு வைத்தால் ஆகாதா, காற்று வந்தால் ஏன் காற்றுப் பக்கமே சாய்கிறது? வெட்கமே கிடையாது. டாக்டர்கூட ஒரு நாள், “ஏம்மா, ஒனக்குப் பல்லு வலிச்சா எங்கிட்ட வராத, கேள்வி கேட்டே என் பல்ல கழட்டிருவ” என்றார். எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துவிட்டு அடுத்த கேள்வியைக் கேட்டாள். நான் அவள் பக்கத்திலேயே நின்று அவளுக்கு வருகிற பதிலை எல்லாம் காதில் வாங்கிக்கொள்வேன். உண்மையைச் சொன்னால், நான் கற்றதில் பாதி அவள் கேட்டுக் கற்றது.

அவள் அம்மா தஸ்நேவிஸ், மீன் விற்கிறவள். எங்கள் கம்பெனிக்கு விடிகாலையில் நொறுக்கின ஐஸ் வாங்க வருவாள். எனக்குத் தெரியாது, இவள் மகள்தான் பரிபூரணம் என்று. ஒரு நாள் காலையில் பார்க்கிறேன், கூடையைத் தூக்க அம்மாவோடு பரிபூரணமும் வந்து நிற்கிறாள். நான் அழுக்குப் பனியனும் லுங்கியுமாக ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நிற்கிறேன். என்ன செய்தேன்? கண்டென்சர் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். கல்யாணமான பிள்ளை இருக்கிறது எனக்கு. அவர்கள் போகிற வரைக்கும் குழாயைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் என்னைப் பார்க்கவில்லை என்று நிம்மதியாக இருந்தேன். அந்த நிம்மதியையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பரிபூரணம் நாலு மாதத்தில் ராக்கெட்டைச் செய்து முடித்தாள். கடையில் துணி சுற்றி வருமே, கெட்டி அட்டைக் குழாய், அதுதான் உடம்பு. படகுக்கு அடித்து மிச்சமான நீல பெயிண்ட், மஞ்சள் பெயிண்ட். கடல்காக்கா என்று பெயர் வைத்தாள். மூன்றடி உயரம், கொஞ்சம் கனம்தான். ஆனால் தையல் வேலை பார்க்கிறவள் கை அண்ணாச்சி, இறக்கை ஒட்டின இடத்தில் நகம் நுழையாது.

எங்கள் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. ராக்கெட் செய்தவர் ஒருவர் என்றால், அதைப் பார்த்து ஒப்புதல் கொடுக்க இன்னொருவர். பறப்புச் சீட்டு என்று ஒன்று இருக்கிறது. ராக்கெட் பெயர், செய்தவர் பெயர், மோட்டார் எண், கீழே பார்த்தவர் கையெழுத்து. ராக்கெட் நல்லபடி இறங்கினால் பேச்சே இல்லை. விழுந்தால், அங்கே முள்ளோடு ஒரு உடைமரம் நிற்கிறது, அதன் அடியில் எல்லோரும் டீயோடு உட்கார்வோம். செய்தவரும் பார்த்தவரும், இரண்டு பேரும் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உடைமர விசாரணை என்போம். விளையாட்டாகத்தான். ஆனால் இரண்டு பேர் நிற்க வேண்டும் என்பது மட்டும் விளையாட்டு இல்லை. ஒருத்தரைத் தனியாக நிறுத்தக் கூடாது என்று மாசிலாமணி சார் வைத்த வழக்கம் அது.

கடல்காக்காவுக்குப் பார்த்தவர் நான்.

அன்றைக்கு ஒரு விடுதியிலிருந்து முப்பது பிள்ளைகளை இரண்டு சிஸ்டர்மார் கூட்டிவந்திருந்தார்கள், வேடிக்கை பார்க்க. ஜமுக்காளம் விரித்து உட்கார வைத்திருந்தோம். நான் பெட்டியைத் திறந்து மோட்டார் எடுக்கிறேன். மோட்டாரின் மேல் ஒரு எழுத்து, ஒரு எண், ஒரு கோடு, அப்புறம் கடைசியில் ஒரு எண் இருக்கும். அந்தக் கடைசி எண் என்ன என்று பரிபூரணம் ஒரு ஞாயிறு கேட்டிருக்கிறாள். மாசிலாமணி சார் அரை மணி நேரம் விளக்கியிருக்கிறார். அந்த ஞாயிறு பார்த்து எனக்கு டபுள் ஷிப்ட், நான் போகவில்லை. பாருங்கள், ஒரு ஞாயிறு.

எனக்கு எங்கள் கம்பெனி மீட்டர் கணக்குதான். எண் கூடினால் அழுத்தம் கூடும். மூன்று என்று ஒன்று இருந்தது, ஏழு என்று ஒன்று இருந்தது. கனமான ராக்கெட், ஏழைப் போட்டால்தான் தூக்கும் என்று நினைத்தேன். சத்தியமாக அவளுக்கு நல்லது நினைத்துத்தான் எடுத்தேன்.

அவள் பார்த்துவிட்டு, “சார், மூணுல்ல போடணும்?” என்றாள்.

“கனம் கூட இருக்கு. ஏழுதான்.”

“இல்ல சார், கனம்னா சீக்கிரமே...”

“சொல்லுதேன்ல, ஏழுன்னு.”

“மாசிலாமணி சார்கிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா?”

அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. சிஸ்டர்மார் பார்க்கிறார்கள், பிள்ளைகள் பார்க்கிறார்கள். நான் சொன்னேன், “நீ இன்ஜினியரா, நான் இன்ஜினியரா?”

அவள் என்னைப் பார்த்தாள் அண்ணாச்சி. ரொம்ப நேரம் இல்லை, ஒரு ஊசியில் நூல் கோர்க்கிற நேரம். அப்புறம், “சரி சார்” என்று வாங்கி உள்ளே வைத்தாள். சீட்டில் நான் கையெழுத்துப் போட்டேன். மோட்டார் எண் எழுதுகிற கட்டத்தை அவசரத்தில் விட்டுவிட்டேன்.

பத்திலிருந்து எண்ணினார்கள். பிள்ளைகளும் சேர்ந்து கத்தி எண்ணின. கடல்காக்கா போனது. அழகாகப் போனது, நேராகப் போனது. உச்சியில் போய்ச் சாய்ந்தது. இப்போது பாராசூட் வர வேண்டும். வரவில்லை. மூக்கைக் கீழே போட்டுக்கொண்டு திரும்பியது. அப்போதும் வரவில்லை. ஜமுக்காளத்தைப் பார்த்து வருகிறது. யாரோ ஓடுங்க ஓடுங்க என்றார்கள். முப்பது பிள்ளையும் நாலா பக்கம். ஜமுக்காளத்துக்கு எட்டடி தள்ளி இறங்கியது, மண்ணுக்குள் ஒரு சாண். ஒரு சிஸ்டரின் அங்கியெல்லாம் மண். விழுந்து கிடந்த பிறகு, மண்ணுக்குள் இருந்துகொண்டு ‘டப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. அப்போதுதான் பாராசூட்டுக்கான வெடிப்பு.

யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்தோணியார் காப்பாற்றினார். ஆனால் பிள்ளைகள் அழுத சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

மாசிலாமணி சார் ஓடிப்போய்க் கிளறி மோட்டாரை உருவிப் பார்த்தார். “ஏழா? ஏழு போட்டது யாரு? இவ்வளவு கனத்துக்கு மூணுல்ல போடணும்! மருந்து தீந்து ஏழு செகண்டு கழிச்சு பாராசூட் வந்தா, அதுக்குள்ள தரைக்கே வந்துராதா?” என்றார்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, அந்த எண் சக்தி இல்லை, நேரம் என்று.

எல்லோரும் ராக்கெட்டைச் சுற்றி நிற்கிறார்கள். சீட்டு அட்டை என் கையில் இருக்கிறது. நான் திரும்பி நின்றேன். கட்டம் காலியாக இருந்தது. பேனாவை எடுத்து ‘3’ என்று எழுதினேன்.

அண்ணாச்சி, எட்டு மாதம் தலையாட்டினதை விடுங்கள். கோபத்தில் சொன்ன சொல்லையும் விடுங்கள். இது கையால் செய்தது. கை நடுங்கவில்லை. அழகான மூன்று.

உடைமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்தோம். பரிபூரணம் எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன், பாதி எழுந்திருப்பேன். மாசிலாமணி சார் சீட்டைப் பார்த்துக்கொண்டே, “சார் மூணுன்னு சரியாத்தான் பாத்து எழுதியிருக்கார். நீங்க உக்காருங்க சார்” என்றார்.

உட்கார்ந்தேன்.

“ஏம்மா, சார் பாத்துக் குடுத்தத மாத்தியா போடுவ?” என்று அவளைக் கேட்டார்.

டாக்டர், “தையல் மிஷின்ல நம்பர் கூடுன ஊசி மாட்டுற ஞாபகம் போல” என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அதைச் சொல்லிக்கொள்கிறேன், நான் சிரிக்கவில்லை.

பரிபூரணம் டாக்டரைப் பார்க்கவில்லை, மாசிலாமணி சாரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள், “தப்பு நடந்து போச்சு சார்” என்றாள். யார் தப்பு என்று சொல்லவில்லை. அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? ‘இவர்தான் கொடுத்தார்’ என்று ஒரே வார்த்தை. வாய் இல்லாதவளா அவள்? ஏன் சொல்லவில்லை என்று எனக்கு அவள் மேலேயே ஒரு கோபம் இருந்தது கொஞ்ச நாள்.

இனிமேல் அவள் பாராசூட் மட்டும் தைக்கட்டும், ராக்கெட் விட வேண்டாம் என்று முடிவானது. அவள் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. மன்றத்துக்குப் பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவரைப் போட வேண்டும் என்றார்கள். என்னைப் போட்டார்கள். “இன்னாசி சார் சீட்டு மாதிரி எல்லாரும் எழுதணும்” என்று மாசிலாமணி சார் அந்தச் சீட்டையே எல்லோருக்கும் காட்டினார்.

நான் தூங்கவில்லை அண்ணாச்சி. பகலில் தூங்குகிறவன் நான், பகலெல்லாம் விழித்துக்கொண்டு கிடந்தேன். இரண்டு மாதம் கழித்து அவள் கடைக்குப் போனேன். பேன்ட் இடுப்புப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பேன்ட்டைக் கொண்டுபோனேன். வெறுங்கையோடு போகத் தைரியம் இல்லை.

கடையில் அவள் மட்டும் இருந்தாள். மேலே உத்தரத்தில் பழைய சேலையில் சுற்றி நீளமாக ஏதோ தொங்கியது. நான் பார்க்கிறதைப் பார்த்து, “ரெண்டாவது ராக்கெட்டு சார். இது கனம் இல்ல” என்றாள். மோட்டார் மன்றத்தில்தான் இருக்கிறது, வெளியே கிடைக்காது. மோட்டார் இல்லாத ராக்கெட்டை எதற்குச் செய்தாள்? கேட்கவில்லை.

பேன்ட்டை வாங்கித் தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள். நான், “அன்னைக்கு...” என்றேன்.

“ரெண்டு பேரு நிக்கணும்லா சார். நீங்க வந்து நிப்பீகன்னு பாத்துக்கிட்டே நின்னேன்.”

“நீ சொல்லியிருக்கலாமே பரிபூரணம்.”

“என்னன்னு சொல்ல? இவரு இன்ஜினியரு இல்ல, ஐஸ் கம்பெனியில கம்ப்ரசர் ஓட்டுதவருன்னா?”

அவள் தலை நிமிராமல் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“மொத நாள் பாத்தப்பவே தெரியும் சார். எங்கம்மாகூட எத்தன தடவ ஐஸுக்கு வந்திருக்கேன். நீங்கதான் என்னய கவனிச்சதில்ல. ஒரு நா குழாய்க்குப் பின்னால பூட்ஸு தெரிஞ்சுது.” நூலைப் பல்லால் கடித்தாள். “அதச் சொல்லியிருந்தா என்ன சொல்லுவாக? ஐஸ் கம்பெனிக்காரனுக்கு ராக்கெட்டு எதுக்கும்பாக. அப்பொறம் தையக்காரிக்கு எதுக்கும்பாக, மீன்காரி மகளுக்கு எதுக்கும்பாக. அதனால சொல்லல.”

நான் அழுதேன் என்று நினைக்கிறேன். அவள் அழவில்லை.

“நீங்க இன்ஜினியருன்னே இருந்துக்கிடுங்க, எனக்கு அதுல ஒண்ணுமில்ல. அந்த ஏழ நீங்க தந்தீங்க, மூண பொறவு எழுதுனீங்க. அத மட்டும் சொல்லிருங்க. நான் திரும்ப வந்து இத விட்டுக்கிடுதேன்.”

சொல்கிறேன் என்றேன். சத்தியம் செய்தேன். பேன்ட்டை வாங்க மறந்துவிட்டேன்.

போன ஞாயிறு சொன்னேன் அண்ணாச்சி. சொல்லத்தான் செய்தேன். உடைமரத்தடியில், எல்லோர் முன்னாலும், யாரும் கேட்காமல் நானே எழுந்து நின்றேன். “கடல்காக்கா விழுந்ததுக்கு பரிபூரணம் காரணம் இல்ல. அந்த ஏழு என் கையாலதான் போச்சு” என்றேன். தெளிவாகத்தான் சொன்னேன்.

வைகுண்டம் டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பாத்தீங்களா? இதான்யா மனுஷன். ஒரு ஏழைப் பொம்பள மேல பழி நிக்கக் கூடாதுன்னு தன் தலையில தூக்கிப் போட்டுக்கிடுதாரு” என்றார்.

மாசிலாமணி சார் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். கண் கலங்கியிருந்தது அவருக்கு. “சார், உங்க மனசு எனக்குத் தெரியும். ஆனா சீட்டுல மூணுன்னுல்ல இருக்கு? சீட்டு பொய் சொல்லுமா?”

அங்கே இன்னும் ஒரே ஒரு வாக்கியம் பாக்கி இருந்தது. ‘சீட்டில் நான் அப்புறம் எழுதினேன்’ என்று நாலே வார்த்தை. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது. அதற்குள் டாக்டர் கை தட்ட ஆரம்பித்துவிட்டார். எல்லோரும் தட்டினார்கள். கை தட்டுகிறவர்கள் முன்னால் எப்படிப் பேசுவது, சொல்லுங்கள். எனக்கு யாரும் அதுவரைக்கும் கை தட்டினதில்லை.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிகிறது. ஆனால் நான் சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னேன். அவர்கள் நம்பவில்லை.

உங்களுக்காக அந்தம்மாவைத் திரும்பச் சேர்த்துக்கொள்கிறோம் சார் என்று மாசிலாமணி சார் சொன்னார். டாக்டர் அவருடைய கிளினிக்கிலேயே கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்தார். எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ‘தங்கள் கவனக்குறைவால் நேர்ந்த விபத்தை, பாதுகாப்பு அலுவலர் திரு. இன்னாசி அவர்களின் பரிந்துரையின் பேரில், மன்றம் பெருந்தன்மையுடன் மன்னித்து, தங்களை மீண்டும் அனுமதிக்கிறது.’ கீழே ஒரு வரி. ‘மேற்கண்ட தவறு என்னுடையதே என ஒப்புக்கொள்கிறேன்.’ அவள் அதில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். பாதுகாப்பு அலுவலர் கையெழுத்துக்கும் ஒரு இடம் விட்டிருந்தார்கள். போட்டேன். கடிதத்தை நானே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் மரியாதை என்றார்கள்.

இன்றைக்கு ஷிப்ட் முடிந்து அங்கே போய்விட்டுத்தான் வருகிறேன்.

அவள் வாசித்தாள். நின்றுகொண்டே இரண்டு தடவை வாசித்தாள். அப்புறம் சிரித்தாள் அண்ணாச்சி. கெட்ட சிரிப்பு இல்லை. நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு, மிஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தாள்.

“ஒங்க பரிந்துரையா சார்?”

“நான் சொன்னேன் பரிபூரணம். அவங்க நம்பல.”

“சீட்டுல பொறவு எழுதுனத சொன்னீகளா?”

நான் மேலே தொங்கினதைப் பார்த்தேன். அவள் சிரிப்பு நின்றது. பேனாவைத் தேடினாள், மிஷின் டிராயரில் கிடந்தது. குனிந்து கையெழுத்துப் போட்டாள். தையல் போடுகிற மாதிரி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக.

“எதுக்குப் போடுத?” என்று கேட்டேன்.

“எனக்கு விடணும் சார்” என்றாள். “மோட்டார் ஒங்ககிட்டதான இருக்கு.”

அவ்வளவுதான். கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, ஸ்டூல் மேல் ஏறி மேலே தொங்கினதை அவிழ்க்கப் போய்விட்டாள். அந்த நேரம் பார்த்து அவள் அம்மா மீன் பாத்திரத்தோடு உள்ளே வந்தாள். “என்னட்டி, ஆபீஸ் தாளு?” என்றாள்.

“ஒண்ணுமில்லம்மா. ராக்கெட்டுக்காரங்க என்னய மன்னிச்சுட்டாகளாம். சார்தான் பேசுனாகளாம்.”

ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. மேலே முடிச்சை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள்.

தஸ்நேவிஸ் அம்மா என்னை அப்போதுதான் பார்த்தாள். “ஐயோ, நம்ம ஐஸ்காரத் தம்பி!” பாத்திரத்தை இறக்கி வைத்துவிட்டு ஈரக் கையோடு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நீங்களாய்யா அங்க பேசுனீக? ரெண்டு மாசமா எம் புள்ள சரியாச் சாப்பிடலய்யா. பிள்ளைகளக் கொல்லப் பாத்துட்டம்மான்னு ஒரே பொலம்பலு. நம்மள்ல ஒருத்தரு அங்க இருக்கப்போயித்தான இது நடந்துச்சு. நல்லாருப்பீக. ஒங்க புள்ள குட்டியெல்லாம் நல்லாருக்கும்.”

பரிபூரணம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நின்றாள். நான் அவள் முதுகைப் பார்த்தேன். இப்போதாவது திரும்பிச் சொல்லிவிடமாட்டாளா என்று பார்த்தேன். சொல்லிவிட்டால் எனக்கும் முடிந்துவிடும். சொல்லவில்லை.

அந்தம்மா விடவில்லை அண்ணாச்சி. வேண்டாம் வேண்டாம் என்கிறேன், பாத்திரத்தில் கை விட்டுத் துழாவி, இருந்ததிலேயே பெரிய சீலா மீனாக எடுத்து, பையில் போட்டு, ஐஸ் அள்ளிப் போட்டு, என் கையில் திணித்தாள். விற்கக் கொண்டுபோகிற மீன். வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்ய?

இதோ, காலுக்குக் கீழே இருக்கிறதே, இந்தப் பைதான். வீட்டில் சம்சாரம் யார் கொடுத்தது என்று கேட்பாள். என்ன சொல்ல? குழம்பு வைப்பாள், பேரப்பிள்ளைக்கு முள் எடுத்துக் கொடுப்பாள், நானும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்.

நீங்கள் கொண்டுபோங்கள் அண்ணாச்சி. இல்லை, நிஜமாகத்தான் சொல்கிறேன். காலையில் வந்த மீன், செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தம் மாதிரி இருக்கும். ஐஸ் கூடக் கரையவில்லை. ஒன்றும் தர வேண்டாம், சும்மா கொண்டுபோங்கள்.

ஏன்? நல்ல மீன் அண்ணாச்சி.